எல்லைக் கல்லும் எம்ஷர் ஆறும்

ஊருக்கு ஊர் எல்லைக் கல் நடுவது மனிதரின் வழக்கம். ஆறும் பறவையும் அக்கல்லைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ஒரு நகரசபை தன் எல்லைக்குள் எத்துணைத் திறமையாக உழைத்தாலும், இயற்கையைக் காக்கும் பணியில் பாதி வழியிலேயே நின்றுவிட நேர்கிறது. இதற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியைச் சான்றாகக் காண்போம்.

நான் பூகோளம் கற்பித்த நாட்களில், ரூர் என்றதுமே மாணவர்கள் ‘நிலக்கரி, இரும்பு’ என்று ஒரே குரலில் சொல்வார்கள். பாடநூலும் அத்துடன் நின்றுவிடும். கரி தோண்டிய பின் அந்நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே அறியத்தக்கது. சுரங்கத்தின் மேலிருந்த தரை ஆங்காங்கே தாழ்ந்தது. அடியில் சாக்கடைக் குழாய் பதித்தால் அது உடைந்துபோகும். எனவே எம்ஷர் என்னும் சிற்றாறே திறந்த சாக்கடையாயிற்று. மேலே இருந்த ஊர் தள்ளிய கழிவு கீழே இருந்த ஊரில் தேங்கியது. இதனால் 1899-இல் ஊர்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு சங்கம் கண்டன. 1904-இல் அதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. உறுப்பினர் கட்டணம் செலுத்துவது கட்டாயமாயிற்று. நல்லெண்ணத்தைக் காட்டிலும் அந்தக் கட்டணமே சங்கத்தை வாழவைத்தது என்பது என் கருத்து. ஆற்றை நேராக்கி, கான்கிரீட் தளமிட்டுக் கழிவை ரைன் நதிக்கு ஓட்டினர். ஊர் பிழைத்தது, ஆறு செத்தது.

நிலத்தின் கதை வேறு. 1920-இல் ரூர் ஊர்களுக்குப் பொதுவான ஒரு திட்டச் சங்கம் அமைந்தது. ராபர்ட் ஷ்மிட் அதன் முதல் தலைமை அதிகாரி. நகரங்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி, நடுவே வடக்குத் தெற்காகப் பசுமைப் பட்டைகளைக் காப்பது அதன் பணிகளுள் ஒன்று. இப்பட்டைகள் பெரும்பாலும் இரண்டு நகரங்களின் ஓரத்தில் கிடப்பவை. ஓரத்து நிலம் என்றால் என்னவென்று நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரிலும் குப்பை அங்கேதானே போகிறது! நடு ஊர்ப் பூங்காவுக்கு வேலியிடும் நகரசபை, ஓரத்துத் தோப்பை வீடு கட்ட விற்றுவிடும். அடுத்த நகரசபையும் அவ்வாறே செய்யும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். பட்டை மட்டும் அறுந்துபோகும். எஞ்சிய தோப்பு தீவாகிவிடுகிறது. அங்குள்ள தவளை அடுத்த தோப்பிலுள்ள தன் இனத்தோடு சேர வழியின்றி நாளடைவில் அருகிவிடும்.

1989 முதல் 1999 வரை மாநில அரசு நடத்திய எம்ஷர் பூங்காத் திட்டத்தில் 17 ஊர்கள் கூடின. ஏழு பசுமைப் பட்டைகளையும் எம்ஷர் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கு மேற்காக இணைப்பது நோக்கம். இணைப்புக்கு நிலம் எங்கே? மூடிக் கிடந்த தொழிற்சாலைகளே நிலம் தந்தன. டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் அணைந்த இரும்பு உலையைச் சுற்றி இன்று மக்கள் உலாவும் பூங்கா இருக்கிறது.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்தபின் தரை தாழ்வதும் நின்றது. ஆகவே 1992-இல் ஆற்றை மீட்கும் வேலை தொடங்கிற்று. ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் அமைந்தது. 2021 இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது. கான்கிரீட்டைப் பெயர்த்து, நேராக்கிய ஆற்றுக்கு மறுபடி வளைவு கொடுக்கும் வேலை அதன் பின்னும் தொடர்கிறது.