பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடியால் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில், பிடோக் நீர்த்தேக்கக் கரையில் மீன்கொத்தியைப் படமெடுக்க விரும்புபவருக்குப் பொருந்துவது, தீபாவளிக் காலத்துச் சிராங்கூன் சாலை விளக்கலங்காரத்தைப் பதிவுசெய்பவருக்கும் பொருந்தும் என்பதில்லை. ஒளியைப் படமாக மாற்றும் உணரி 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்டக வகையில், மங்கிய ஒளியிலும் புள்ளிக்கறை குறைவு; அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரியோ காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால், நிக்கானில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் 450 மில்லிமீட்டருக்குரிய காட்சிக்கோணத்தைத் தந்து, பறவைப் படத்திற்குச் செலவு குறைந்த வழியாகிறது. விற்பனையாளர்கள் பேசுமளவுக்கு மெகாபிக்சல் எண்ணிக்கை முக்கியமன்று.

கேனனும் நிக்கானும் 2020க்குப் பின் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல்களை வெளியிடாமல் கண்ணாடியற்ற கேமராக்களுக்கு மாறிவிட்டதால், சிட்டி ஹால் அருகிலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடங்களின் பழைய கேமராக் கடைகளே இன்று தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. நிக்கானின் எஃப் பொருத்துவளையம் 1959 முதல் தொடர்ந்தாலும், டி3400, டி5600 ஆகியவற்றின் உடலில் குவிய மோட்டார் இல்லாததால், தமக்கென மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களை அவற்றில் கையால்தான் குவிக்க வேண்டும். டி7200இல் இக்குறை இல்லை.

சிங்கப்பூரின் ஈரப்பதம் லென்ஸுக்குள் பூஞ்சையை வளர்ப்பதால், வாங்கும்முன் டார்ச் விளக்கைப் பின்புறமிருந்து பாய்ச்சிப் பார்ப்பதும், ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையைக் கேட்டறிவதும், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின் உலர்பெட்டிக்குப் பணம் ஒதுக்குவதும் அவசியம்.