சிறிய முருகைத் தொட்டி: வடிகட்டியும் நீரோட்டமும் தெரிவுசெய்வது எப்படி?

முருகைக்கல் என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் எழுவன நெடுந்தீவின் வேலிகளே. சாந்து பூசாது அடுக்கப்பட்ட அக்கற்கள் ஒருகாலத்தில் கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர்கள் தமக்கெனக் கட்டிய சுண்ணாம்புக் கூடுகள் ஆகும். புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்த எமது பிள்ளைகளோ உயிருள்ள முருகையை மீன் கடைகளின் கண்ணாடித் தொட்டிகளிலேயே முதன்முதலிற் காண்கின்றனர். 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த நீமோ திரைப்படத்தின் பின்னர், கோமாளி மீனும் முருகையும் வேண்டுமெனப் பெற்றோரை நச்சரிக்கும் சிறுவர்கள் பெருகியுள்ளனர்.

பிள்ளையின் ஆசையை நிறைவேற்ற எண்ணும் குடும்பம் முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். நன்னீர் மீன் வளர்ப்பிற் பெற்ற அனுபவம் இங்கு முழுமையாகப் பயன்படாது. கடைக்காரர் காட்டும் மிகப் பெரிய வடிகட்டியே மிகச் சிறந்தது என்பதும் தவறு. பொருந்தாத கருவிக்குச் செலவிடும் பணம் மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணம்; இறந்துபோவது பிள்ளை பெயர் சூட்டி அழைத்த உயிர். ஆகவே, 100 லீற்றர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை நோக்குவோம்.

வடிகட்டி செய்யும் வேலை என்ன?

மீனின் கழிவும் உண்ணாது விடப்பட்ட உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. இது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்று மீனுக்கு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. ஆயினும் அது மிகுதியாகத் தேங்கினால் பாசி பெருகும், முருகைகள் நலிவடையும். நன்னீர்த் தொட்டிக்குரிய வடிகட்டி நைத்திரேற்றுடன் தன் பணியை நிறுத்திக்கொள்கின்றது. முருகைத் தொட்டிக்கு அது போதாது.

இதற்கு வழிகாட்டியவர்களுள் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் குறிப்பிடத்தக்கவர். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல்வாழ் உயிர்களை வளர்க்கலாம் என்பதனை அவர் 1961 ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் ஜேர்மனியில் இம்முறையுடன் நுரைபிரிப்பானும் வலுவான ஒளியும் சேர்க்கப்பட்டன. அதுவே பேர்லின் முறை எனப் பெயர்பெற்றது.

உயிர்க்கல் எனப்படும் துளைகள் நிறைந்த கல்லின் மேற்பரப்பில், ஒட்சிசன் மிகுந்த இடத்தில், அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஒட்சிசன் குறைந்த உட்பகுதியில் வாழ்பவை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. எனவே, கல்லே தொட்டியின் முதன்மை வடிகட்டியாகின்றது. 100 லீற்றருக்குச் சுமார் 10 கிலோ கல் போதுமானது. விலை குறைந்த உலர்ந்த கல்லையும் வாங்கலாம். ஆனால் அதிற் பற்றீரியா பெருகக் கூடுதற் காலம் பிடிக்கும்.

எவ்வகை வடிகட்டி?

பெட்டி போன்ற வெளி வடிகட்டிகளின் உள்ளே இருக்கும் பஞ்சு அழுக்கைப் பிடித்துவைக்கும். ஆனால் தொட்டியிலிருந்து அகற்றாது. கழுவாது விட்டால் அவ்வழுக்கு அங்கேயே அழுகி நைத்திரேற்றைப் பெருக்கும். இத்தகைய வடிகட்டி ஏற்கெனவே கைவசம் இருப்பின் அதனை வீசவேண்டியதில்லை. உள்ளே காபன் இட்டு மாதமொருமுறை மாற்றி, பஞ்சைக் கிழமைதோறும் கழுவினால் நற்பயன் தரும். மின்சாரம் பல மணித்தியாலங்கள் நின்றுபோனால், மூடிய வடிகட்டியினுள் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி இறக்கின்றன. எனவே, அதனைக் கழுவாது மீண்டும் இயக்குதல் ஆகாது.

தொட்டியின் விளிம்பிற் தொங்கவிடும் சிறிய வடிகட்டி விலை குறைந்தது. சுத்தஞ் செய்வதும் எளிது. புதிதாகத் தொடங்கும் குடும்பத்திற்கு இதுவே ஏற்றது.

ஸ்கிம்மர் என அழைக்கப்படும் நுரைபிரிப்பான் வேறுவகைப்பட்டது. உப்புநீரில் மிக நுண்ணிய குமிழிகள் உண்டாகும்போது, நீரிற் கரைந்துள்ள புரதங்கள் அக்குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலெழுகின்றன. அழுக்கு அமோனியாவாக மாறுமுன்னரே கிண்ணத்திற் சேர்ந்து வெளியேறுகின்றது. 100 லீற்றர் தொட்டிக்கு இது விரும்பத்தக்கது. ஆயினும், மீன்கள் இரண்டு மட்டுமே இருந்து, கிழமைதோறும் நீரில் பத்திலொரு பங்கு தவறாது மாற்றப்படுமாயின் ஸ்கிம்மர் இன்றியும் சமாளிக்கலாம். பணம் குறைந்த குடும்பம் உழைப்பினால் அதனை ஈடுசெய்யலாம் என்பதே இதன் பொருள்.

நீரோட்டம் ஏன் வேண்டும்?

முருகை ஓரிடத்தில் ஒட்டி வாழ்வது. உணவைத் தேடிச் செல்ல அதனால் இயலாது. ஒட்சிசனையும் உணவையும் கொண்டுவருவதும், அதன் மேற்படிந்த கழிவை அகற்றுவதும் நீரோட்டமே. வடிகட்டியினூடாகச் செல்லும் நீர் வேறு, தொட்டியினுள் சுழலும் நீர் வேறு என்பதனை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். முன்னையது மணித்தியாலத்திற்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 3 முதல் 5 மடங்கு, அதாவது 300 முதல் 500 லீற்றர் வரை இருந்தாற் போதும். பின்னையது மென்முருகைகளுக்கு 10 முதல் 20 மடங்கு, அதாவது 1000 முதல் 2000 லீற்றர் வரை வேண்டும். கிளைவிடும் வன்முருகைகளுக்கு இதனிலும் கூடிய ஓட்டம் தேவை. அவை புதியவர்களுக்கு ஏற்றவையல்ல.

1600 லீற்றர் பம்பி ஒன்றை வாங்குவதிலும், 800 லீற்றர் பம்பிகள் இரண்டை எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பது நன்று. இரு ஓட்டங்களும் மோதும்போது கடலலை போன்ற ஒழுங்கற்ற அசைவு உண்டாகும். ஒன்று பழுதடைந்தாலும் மற்றது உயிர்களைக் காக்கும். பம்பியின் வாயை முருகைக்கு நேரே திருப்பலாகாது. தொடர்ந்து ஒரே திசையில் அறையும் நீர் அதன் தசையைக் கிழித்துவிடும். ஒரு பம்பி நீரின் மேற்பரப்பைச் சற்றே கலக்குமாறு அமைதல் வேண்டும். ஒட்சிசன் அவ்வழியாகவே நீரிற் கலக்கின்றது.

ஓட்டம் சரியானதா என்பதனைத் தொட்டியே காட்டிவிடும். மணல் பறந்தாலோ, முருகை விரியாது சுருங்கிக் கிடந்தாலோ ஓட்டம் மிகுதி எனச் சந்தேகிக்கலாம். மூலைகளில் அழுக்குத் தேங்கினாலோ, மேற்பரப்பில் எண்ணெய்போன்ற படலம் தோன்றினாலோ ஓட்டம் குறைவு. பிள்ளைகளை நாள்தோறும் அவதானித்துக் கொப்பியிற் குறித்துவரச் செய்தால் அதுவே நல்ல விஞ்ஞானப் பாடமாகும்.

மறக்கக்கூடாதவை

தொட்டியை நீரும் கல்லும் இட்டு இயக்கிய பின்னர் நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை பொறுத்திருத்தல் வேண்டும். சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகக் காட்டிய பின்னரே உயிர்களை விடலாம். பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறையும் நீருக்குச் சுத்தமான நன்னீரையே ஊற்றுதல் வேண்டும். பழைய தொட்டி வாங்குவோர், அதிற் செப்புக் கலந்த மருந்து பாவிக்கப்பட்டதா என விசாரித்தல் வேண்டும். செப்பு முருகையைக் கொல்லும்.

மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் மேலும் சிலவற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 100 லீற்றர் தொட்டி கல், கண்ணாடி ஆகியவற்றுடன் 120 கிலோவைத் தாண்டும். மின்கம்பி சுவர்ச் செருகிக்குக் கீழாகத் தாழ்ந்து வளைந்து செல்லுமாறு இருந்தால், வழியும் நீர் செருகியை அடையாது. மின்சாரம் நின்றால் வெளிக்குழாய் வழியே நீர் இறங்கி நிலத்தை நனைக்குமா என்பதனை முதல் நாளிலேயே பம்பியை நிறுத்திச் சோதித்தல் நன்று. கீழ்வீட்டாரின் கூரை நனைந்தால் எவர் செலவை ஏற்பது என்பதனைக் காப்புறுதிப் பத்திரத்திற் பார்த்துக்கொள்க.

இறுதியாக, விடுமுறைக்கு ஊர் செல்வோர் கடற்கரையில் முருகைக்கல்லைப் பொறுக்கித் தொட்டிக்கெனக் கொண்டுவர முனையலாகாது. வன்முருகைகள் சர்வதேச உடன்படிக்கையினாற் பாதுகாக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரமின்றி எடுத்துவருவது விமான நிலையத்திற் சிக்கலைத் தரும். தொட்டியில் வளர்க்கப்பட்ட முருகையின் துண்டுகள் கடைகளிலும் வளர்ப்போரிடமும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மென்முருகைத் துண்டு ஒன்றுடனும் கோமாளி மீன் சோடி ஒன்றுடனும் தொடங்கிப் பொறுமையுடன் பராமரித்தால், எமது பிள்ளைகள் தம் பெற்றோர் பிறந்த மண்ணின் கடலில் வாழும் உயிர்களைத் தம் வீட்டிலேயே அறிந்துகொள்வர்.