குல்மார்க்கில் நான்கு இரவு
ஊர் தாண்டி: தொடர் 11

காஷ்மீர் என்றால் அரிமளத்துப் பெரியவர்களுக்கு இன்றும் ‘தேன் நிலவு’தான். 1961-ல் வந்த ஸ்ரீதர் படம். அவர்கள் பிள்ளைகளுக்கு அது ஆறு நாள் பேக்கேஜ் டூர்: ஸ்ரீநகர், பஹல்காம், சோன்மார்க், நடுவில் குல்மார்க்குக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது. அந்த ஒரு பகலில் கோண்டோலா என்கிற கேபிள் கார் வரிசையிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். மிச்சத்துக்கு வாடகைக் கோட்டு, வாடகை பூட்ஸ், மரப்பலகை ஸ்லெட்ஜில் ஒரு இழுவை, நாலு போட்டோ. இவ்வளவு தூரம் போய் இதற்கா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் கிளம்பப்போகும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மற்ற இடங்களை விட்டுவிடுங்கள். குல்மார்க்கிலேயே நான்கு இரவு தங்கி, பனிச்சறுக்கு பழகிவிட்டு வாருங்கள்.

தேதி குறிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை. டிசம்பர் 21 தொடங்கி 40 நாளை காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். நம் கணக்கில் மார்கழி முதல் வாரத்திலிருந்து தை பாதி வரை. கடுங்குளிர்க் காலம் அது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் அங்கே பனியைக் கொட்டுகின்றன. நமக்கு வடகிழக்குப் பருவமழை ஓயும்போது அவர்களுக்கு சீசன். ஆனால் குளிர் வந்துவிட்டால் பனியும் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜனவரி பாதிவரை குல்மார்க் பழுப்புப் புல்வெளியாகவே கிடந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே, பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஆகவே அரையாண்டு லீவில் போவது சூதாட்டம். பொங்கல் லீவு பரவாயில்லை. தை கடைசியும் மாசி முதல் பாதியும் உத்தமம். பள்ளிக்கூடம் இருக்குமே என்பீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் போகாவிட்டால் குடி முழுகிவிடாது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். வாடகை கொஞ்சம் கூடினாலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாகப் பதியுங்கள்.

நமக்கு விமான நிலையம் புதுக்கோட்டை தாண்டி, திருச்சி ரோட்டிலேயே இருக்கிறது. சென்னை, டெல்லி மாறி ஸ்ரீநகர். டெல்லி மூடுபனியும் ஸ்ரீநகர் பனிப்பொழிவும் விமானத்தை ரத்தாக்கும்; திரும்பும்போது ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். ரயிலில் என்றால் சென்னையிலிருந்து கத்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ். அங்கிருந்து 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஏறினால் 359 மீட்டர் உயர செனாப் பாலத்தைக் கடந்து காஷ்மீருக்குள் போகலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கி.மீ. கடைசி 13 கி.மீ. தங்மார்க்கிலிருந்து மலையேற்றம், பனி விழுந்த நாளில் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிதான் ஏறும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, போகலாமா என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். அரசு பல சுற்றுலா இடங்களை மூடி, பிறகு கட்டம் கட்டமாகத் திறந்தது. கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் போக வேண்டாம்.

உடுப்பில் ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம். ஆயுசு முழுக்க நம்மைக் காப்பாற்றும் பருத்தி, அங்கே வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்பில் ஒட்டிக் குளிரேற்றும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலே ஈரம் புகாத கோட்டு.

ஸ்கீ பூட்ஸை மட்டும் அவசரப்படாமல் பார்த்து வாங்குங்கள். கெட்டி பிளாஸ்டிக் ஓடு, முன்பக்கம் கொக்கிகள். நீளமான காலுறை ஒன்றே போதும். பேன்ட் நுனியை உள்ளே திணித்தால் முன்னங்காலில் வரி வரியாகப் பதிந்து வலிக்கும். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக இடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது குதிகால் பின்னுக்குப் போய், விரல் விடுபட வேண்டும். அப்படி இருந்தால் அதுதான் உங்கள் அளவு. “டைட்டா இருக்குண்ணே” என்று தம்பி ஒருத்தன் பெரிய அளவு கேட்டு வாங்கினான். பூட்ஸுக்குள் கால் ஆடியதில் சறுக்குப் பலகை அவன் பேச்சைக் கேட்கவே இல்லை.

முதல் நாள் சின்னச் சரிவே போதும். பக்கவாட்டில் விழப் பழகுங்கள். எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும், இல்லாவிட்டால் எழுவதற்குள் வழுக்கிக்கொண்டு போகும். முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் அதுதான் பிரேக். இரண்டாம் நாள் அது காலுக்குப் பிடிபடும். மூன்றாம் நாள் நீங்களாக ஒரு திருப்பம் எடுத்து, நினைத்த இடத்தில் நிற்பீர்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான்கு இரவு கேட்கிறேன். 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கேயே இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். கோண்டோலாவின் முதல் கட்டம், 1998-ல் வந்தது, கோங்தூரி வரை போகும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் பக்கம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்கு ஏற்றும். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கலாம். பழகுகிறவர்கள் அங்கிருந்து சறுக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் அந்தச் சரிவில் பனிச்சரிவு இரண்டு போலந்து நாட்டவரைக் கொண்டுபோனது. அவர்கள் பழகியவர்கள்.

அப்பத்தாவை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். இதயம், மூச்சு இரண்டையும் புதுக்கோட்டையில் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் தாராளமாக. கணப்பு உள்ள கீழ்த்தள அறையாகக் கேளுங்கள். கோங்தூரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை விழுந்து எழுவதைப் பார்க்க, சின்னச் சரிவின் ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள்.

(தொடரும்)