ஒவ்வொன்றாய் ஒளி தரும் புள்ளி

ஒளி, ஃபோட்டான் என்னும் ஆற்றல் துணுக்குகளாக வருகிறது என்று படித்திருப்பீர்கள். 1 மில்லிவாட் திறனுள்ள சிவப்பு லேசர் நொடிக்கு ஏறத்தாழ 3,000 லட்சம் கோடி ஃபோட்டான்களை உமிழ்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் தனியே பெற முடியுமா?

“கறுப்புக் கண்ணாடி வைத்து ஒளியை மங்கச் செய்தால் போதுமே!” என்பீர்கள். போதாது. தூறல் எவ்வளவு மெலிந்தாலும் சில வேளை இரு துளிகள் ஒருசேர விழுகின்றன அல்லவா? மங்கிய லேசர் துடிப்புகளும் அப்படியே. பல வெறுமையாக இருக்கும். சிலவற்றில் இரண்டு ஃபோட்டான்கள் இருக்கும்.

இதனால் என்ன கேடு? 1984-இல் சார்லஸ் பென்னட், ஜீல் பிரசார் என்னும் இருவர், ஒற்றை ஃபோட்டான்கள் மூலம் இரகசியச் சாவியை அனுப்பும் முறையை வகுத்தனர். வழியில் ஒற்றன் அவற்றை அளந்தால் பலவற்றின் நிலை மாறிவிடும், களவு வெளிப்படும். ஆனால் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் போக விடுவான். வேறு காப்பு இல்லையெனில் திருட்டு தெரியவே தெரியாது!

இங்கேதான் குவாண்டம் புள்ளி உதவுகிறது. காலியம் ஆர்சனைடு படிகத்தின்மேல் இண்டியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியைப் படலமாக வளர்க்கிறார்கள். இரண்டின் அணு இடைவெளிகளும் சுமார் 7 விழுக்காடு வேறுபடுவதால், படலம் தானாகவே சிறு மேடுகளாகத் திரள்கிறது. மேட்டின் அகலம் சுமார் 20 நானோமீட்டர். அதை மீண்டும் காலியம் ஆர்சனைடால் மூடினால், எலக்ட்ரான்களை அடைக்கும் கூண்டு தயார்!

திரவ ஹீலியத்தால் இதைக் குளிரவைத்து, ஒரு லேசர் துடிப்பைப் பாய்ச்சினால், எலக்ட்ரான்களும் துளைகளும் கூண்டில் விழுகின்றன. ஓர் எலக்ட்ரானும் ஒரு துளையும் சேரும்போது ஒரு ஃபோட்டான் பிறக்கிறது. நெருக்கடியான இடமாதலால், இணைகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஆகவே கடைசி இணை தரும் ஃபோட்டானின் அலைநீளம் மற்றவற்றிலிருந்து சற்றே வேறுபடும். வடிகட்டியால் அதை மட்டும் வெளியே விட்டால், துடிப்புக்கு ஒன்றே ஒன்று!

ஒன்றுதான் என்பதை எப்படி அறிவது? பாதி ஒளியை ஊடுருவ விட்டு மீதியைத் திருப்பும் கண்ணாடியை வழியில் வைத்து, இருபுறமும் உணர்கருவி அமைக்க வேண்டும். ஒற்றை ஃபோட்டான் பிளவுபடாது. எனவே இரு கருவிகளும் ஒருசேரத் தூண்டப்படா. 2000-இல் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வாறு மெய்ப்பித்தனர்.

ஒரு தடை உண்டு. காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. ஆகவே முழு அக எதிரொளிப்பால் பெரும்பாலான ஃபோட்டான்கள் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. சாதாரணப் படிகத்தின் மேற்பரப்பு வழியே தப்புபவை நூற்றில் இரண்டுக்கு மேல் இல்லை. எனவே புள்ளியின் மேலும் கீழும் ஆடி போன்ற அடுக்குகளை அமைத்து, ஒளியை மேல்நோக்கித் திருப்புகிறார்கள். வகுப்பில் நீங்கள் படிக்கும் பாடம், ஆய்வாளர்களையும் விடவில்லை பார்த்தீர்களா?