பழைய காரில் ஏசி ஏன் குளிராது?

1990-க்கு முந்தைய அமெரிக்க கார்களின் ஏசியில் ஓடியது ஆர்-12 வாயு. ஓசோன் படலத்தை அரிப்பதால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அங்கே அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றது. மிச்சமிருப்பது யானை விலை. அதனால் ஆர்-134ஏ-க்கு மாற்றுகிறார்கள்.

சிக்கல் கம்ப்ரஸரின் எண்ணெயில். பழைய மினரல் ஆயில் புது வாயுவோடு கலக்காது. குழாய்களில் எங்கோ தங்கிவிடும், கம்ப்ரஸர் உலர்ந்து இறுகிப்போகும். ஆகவே அதை வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். பல வண்டிகளில் வாயு கசிவது சில்லறைக் காசு பெறாத ஓ-ரிங் வழியாகத்தான். அதையும் ட்ரையரையும் மாற்றி, வேக்கம் பம்பால் ஈரத்தை உறிஞ்சி, பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் வாயு நிரப்பினால் போதும். கசிவைத் தேடாமல் வருடாவருடம் வாயு நிரப்புவதுதான் வீண் செலவு.

ஓடாமல் நிற்கும் வண்டியில் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் காய்ந்துவிடும். மாதம் ஒருமுறையாவது ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.