கார் ஷெட்டுக்குள் வந்தது எந்தத் தண்ணீர்?

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலை, எங்கள் கார் ஷெட்டின் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைத் துண்டு பெயர்ந்து, தம்பி சைக்கிள் நிறுத்தும் இடத்தில் விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. நல்ல வேளை, அந்நேரம் அங்கே யாருமில்லை.

அதற்கு முன்பே அந்த ஷெட்டுக்கு மூன்று முறை வைத்தியம் நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கொத்தனார் உட்புறம் சிமெண்டு பூசி, வெள்ளையடித்துவிட்டுப் போவார். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறை! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மாணவ நண்பர்களே, கான்கிரீட் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் உள்ளே அது கல் அன்று. சிமெண்டு இறுகும்போது அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீர்தான் வேதிவினையில் சேர்கிறது. கலவை எளிதில் குழைய வேண்டுமென்று நாம் ஊற்றுவதோ பாதிப் பங்கு. சில இடங்களில் அதற்கும் மேல். மிகுதி நீரில் பெரும்பகுதி மெல்ல ஆவியாகிவிடும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்புழைகளாக நின்றுவிடும்.

இப்புழைகள் நீரை உறிஞ்சி மேலேற்றும். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. உயரும், விட்டம் பத்தில் ஒன்றானால் 30 செ.மீ. உயரும். ஒரு சாக்குக் கட்டியை மை ஊற்றிய தட்டில் நிறுத்திப் பாருங்கள், புரியும். செங்கல் சுவரிலும் இதுவே நடக்கிறது. ஏறும் நீர் வழியிலேயே ஆவியாகிக்கொண்டும் இருப்பதால், அது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும்.

ஆக, ஷெட்டுக்குள் ஈரம் மூன்று வழிகளில் வரலாம்: மேலிருந்து ஒழுகலாம், தரையிலிருந்து ஏறலாம், காற்றிலிருந்து படியலாம். மழையில் நனைந்த வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால், அந்த நீர் ஆவியாகி இரவில் குளிர்ந்த சுவர்மேல் பனித்துளி போலப் படியும். ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது.

தரைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. 45 செ.மீ. சதுரமான பாலித்தீன் தாளை உலர்ந்த தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டும் நாடாவால் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வந்தது. எங்கள் ஷெட்டில் அடிப்பக்கம் உலர்ந்தே இருந்தது, மேல்பக்கத்தில் துளிகள்! சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக்குக்கு இரண்டு துளைகள் வைத்ததும் தரை ஈரம் அடங்கியது.

பின்சுவரின் அடியில் இருந்த ஓதத்துக்குக் காரணம் அம்மாவின் கனகாம்பரப் பாத்தி. கடைக்காலின் மேலே, ஈரம் ஏறாமலிருக்க ஒரு தடுப்புப் படலம் வைத்தே சுவரைக் கட்டியிருந்தார்கள். பாத்தி மண் அதற்கும் மேலே ஓர் அடி குவிந்திருந்ததால் தண்ணீர் சுற்றி வளைத்துச் சுவருக்குள் புகுந்துவிட்டது. மண்ணை வெட்டித் தள்ளியதோடு சரி. சிமெண்டுச் செலவே இல்லை. அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்.

கூரைதான் பெரிய புதிர். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் தளத்துக்குள்ளே ஓடி வேறெங்கோ சொட்டும். கூரைமேல் பாத்திகட்டி நீரைத் தேக்கிப் பார்ப்பது வழக்கம். ஆனால் 5 செ.மீ. உயர நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ கனக்கும்; கம்பி துருப்பிடித்த தளத்தில் அது ஆபத்து. ஆகவே தாழ்வான ஓரத்திலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் அரை மணி நேரம் என்று மெல்ல நீர் விட்டுக்கொண்டே மேடான பக்கம் நகர்ந்தோம். ஷெட் தளம் வீட்டுச் சுவரைத் தொடும் இணைப்புக்கு வந்ததும் கீழே சொட்டத் தொடங்கியது.

அந்த இணைப்பையும் ஒருமுறை சிமெண்டால் அடைத்திருந்தார்கள். அது ஏன் நிற்கவில்லை? கணக்குப் போடுவோம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கான்கிரீட் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு விரியும். 5 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் 1.5 மி.மீ. நீளும், மழை கொட்டியதும் சுருங்கும். இறுகிய சிமெண்டுக்கு இழுபடத் தெரியாது, விரிசல் விட்டுவிடும். ரப்பர்போல நீண்டு சுருங்கும் அடைப்புப் பசைதான் அங்கே தேவை. விரிசலைச் சற்று அகலமாக வெட்டி, தூசி நீக்கி, உலர்ந்த பின் அதை நிரப்பினோம்.

இனி அந்தக் கம்பி. புதுக் கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் இரும்பின்மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகிறது. ஆண்டுக்கணக்கில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊடுருவிக் காரத்தைக் குறைத்துவிட்டால் படலம் அழியும். அப்புறம் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருதான். துருவின் பருமன் இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு. அது உள்ளிருந்து நெம்பியே கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. மேலே சிமெண்டு பூசினால் துரு மறையுமே தவிர நிற்காது. பொறியாளர் ஒருவர் வந்து சுத்தியால் தட்டிப் பார்த்து, டொக்கென்று ஒலித்த இடங்களையெல்லாம் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தச் சொன்னார். கம்பியைத் துரு போகத் தேய்த்து, காப்புப் பூச்சு கொடுத்த பிறகே புதுக் கலவை வைத்தார்கள்.

வெள்ளையடிப்பதை மட்டும் அடுத்த கோடை வரை தள்ளி வைத்திருக்கிறோம். ஊறிய தளம் முழுதும் உலர வேண்டுமே! தம்பியின் சைக்கிள் அதுவரை திண்ணையில்.