ஹேண்ட்பிரேக்குக்குள் ஒரு முட்டுக்கட்டை

பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள். மயிலாப்பூர் மாடவீதியில் கபாலீசுவரர் தேர் வரும்போது எல்லார் கண்ணும் வடத்தின் மேலோ சுவாமியின் மேலோ இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சக்கரத்தின் மேல்தான் கண். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து வரும் சிலர், கையிலிருக்கும் முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் அடியில் செருகுவார்கள். அத்தனை பெரிய தேர் முனகிக்கொண்டே நிற்கும். செருகியவர் உடம்பில் தேரைத் தடுக்கும் பலம் ஏது? கட்டையின் மேல் ஏறப் பார்க்கும் சக்கரமே தன் பாரத்தால் கட்டையைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. தேரை நிறுத்துவது தேர்தான்.

இதே வித்தை என் பழைய மாருதி 800-இன் பின் சக்கரங்களுக்குள்ளும் நடக்கிறது என்பது, போன மழைக்காலத்தில் அதன் ஹேண்ட்பிரேக் கைவிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. தி.நகரில் ஒரு கடையின் நிலவறை பார்க்கிங்கிலிருந்து மேலேறும் சரிவில் வரிசை நின்றுவிட்டது. லீவரை இழுத்தேன். பத்துப் பன்னிரண்டு முறை ‘டக் டக்’ கேட்டது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மெல்லப் பின்னோக்கி உருண்டது. பின்னால் நின்ற காரில் குழந்தைகள் இருந்தார்கள். சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர் உட்கார்ந்தால் அந்தக் கார் சுமார் 850 கிலோ. நூறு அடிக்கு இருபது அடி ஏறும் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 165 கிலோ எடைக்குச் சமம். ஹேண்ட்பிரேக் பிடிப்பது டயரை அல்ல, அதற்குள் இருக்கும் சிறிய டிரம்மை. டிரம்மின் ஆரம் டயரின் ஆரத்தில் பாதிகூட இல்லாததால், இரண்டு டிரம்களும் சேர்ந்து 450 கிலோ அளவுக்குத் தடுத்தாக வேண்டும். என் கை இழுப்பதோ பதினைந்து, இருபது கிலோ. மீதி எங்கிருந்து வருகிறது?

ஒரு பங்கு நெம்புகோலிலிருந்து. கையருகே ஒரு லீவர், டிரம்முக்குள் இன்னொரு சிறு லீவர், இரண்டையும் இணைக்கும் கேபிள். பெரிய ஆச்சரியம் டிரம்முக்குள் இருக்கிறது. அங்கே பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். லீவர் அவற்றை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. கார் உருளப் பார்க்கும்போது டிரம், உராய்வினால் ஒரு ஷூவைத் தன்னோடு இழுக்கிறது. அந்த ஷூவின் ஒரு முனை கட்டப்பட்டிருப்பதால் அதனால் ஓட முடியாது. இன்னும் ஆழமாகச் சுவரில் போய் இறுகுகிறது. முட்டுக்கட்டையேதான்! கார் பின்னால் சரிந்தால் ஒரு ஷூ, முன்னால் சரிந்தால் மற்றது. எந்தப் பக்கம் சரிந்தாலும் ஒன்று கட்டையாகிவிடும். 1902-இல் லூயி ரெனோ காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இது.

மறுநாள் மந்தைவெளியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். “கேபிள் நீண்டுபோச்சு, நட்டை டைட் வெச்சுடுங்க” என்றேன்.

“கேபிளைத் தொடாதீங்க சார். மொதல்ல டிரம்மைப் பார்ப்போம்.”

கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல் வைத்துவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினார். லீவரைப் பாதி இழுக்கச் சொல்லிச் சக்கரங்களைக் கையால் சுற்றினார். இடது சக்கரம் நரநரவென்று அடம் பிடித்தது. வலது, ஒரு விரலுக்கே சுற்றியது. கீழே குனிந்து பார்த்தால் இரண்டு பக்கக் கேபிளும் சரியாகவே இழுபட்டன. ஆக, கோளாறு வலது டிரம்முக்குள்.

லீவரை இறக்கிவிட்டு டிரம்மைக் கழற்றினார். கறுப்புத் தூள். ஊதப் போன என்னைக் கையைக் காட்டித் தடுத்து, ஈரத்துணியால் துடைத்தார். ஷூமேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. லைனிங் தேய்ந்திருந்தது. அதைவிட மோசம், பெடலை மிதித்தால் ஷூக்களை விரிக்கும், மேலிருந்த வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து ஷூ பளபளத்தது. எண்ணெய் பட்டால் உராய்வு போயிற்று. உராய்வு போனால் டிரம்மால் ஷூவை இழுக்க முடியாது, கட்டை கட்டையாக இல்லை. வெறும் கைப்பலம் மட்டும் மிச்சம்.

நான் கேட்டபடி நட்டை முறுக்கியிருந்தால் லீவர் சீக்கிரம் இறுகி, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்திருக்கும். ஆனால் டிரம்முக்குள் இருக்கும் லீவர் எப்போதும் பாதி இழுபட்டே நின்று, தேய்மானத்துக்கு ஏற்ப ஷூக்களைத் தானாக நகர்த்தும் பொறியும் முடங்கியிருக்கும். அதனால்தான் முதலில் ஷூ, கடைசியில் கேபிள் என்று வேலை செய்கிறார்கள்.

கேபிளே குற்றவாளியாவதும் உண்டு, அதுவும் நம் ஊரில். சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று உறைக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அப்போது லீவர் கனமாக ஏறும். இறக்கினாலும் சக்கரம் முழுதாக விடாது, கொஞ்ச தூரம் ஓடியதும் சூடாகி நாறும். அதற்குக் கேபிளை மாற்றுவதே வழி. இன்னொன்று மழை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தில் தண்ணீரில் நின்ற கார்களில் போல, நனைந்த டிரம்மும் லைனிங்கும் நாள்கணக்கில் அழுந்தியிருந்தால் துரு இரண்டையும் ஒட்டவைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிய்க்கப் பார்த்தால் லைனிங்கே ஷூவிலிருந்து கழன்றுவிடலாம். அடைமழையில் வண்டியைச் சும்மா நிறுத்துவதானால் சமதரையில் விட்டு, கியர் போட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுகிறேன்.

என் வண்டிக்கு வேண்டிய புது வீல் சிலிண்டர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிடிப்பு ஏறுமாறாகும் என்று மெக்கானிக் இருபுறமும் ஷூ மாற்றினார். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றி, பெடலைப் பலமுறை மிதித்து ஷூக்கள் தம் இடத்துக்கு வந்தபின் கேபிள் நட்டை அரைச் சுற்றுதான் முறுக்கினார்.

அடுத்த வாரம் காலையில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அதே சரிவுக்குப் போனேன். ஆறாவது ‘டக்’கில் லீவர் இறுகியது. காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். கார் ஒரு விரற்கடை பின்னால் அமர்ந்தது. உள்ளே ஷூ டிரம்மில் போய் இறுகும் கணம் அது. மெல்ல ஒரு முனகல். பிறகு அசையவில்லை.